தண்ணீர் வருகிறது, சரி. குளோரின் போடுகிறவருக்கு என்ன பாதுகாப்பு?



2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கனமீற்றர். விலை என்ன, குழாய் எப்போது வரும் என்றெல்லாம் கதைத்தோம். இப்படியான நிலையங்களில் அமிலமும் குளோரினும் கையாளுகிறவர்களைப் பற்றிக் கதைத்தோமா?

"அவங்களுக்கு அது பழக்கம்" என்பார்கள். நுரையீரலுக்குக் குளோரின் பழகாது!

2018 ஏப்ரலில் ஹொரணையில் றப்பர் தொழிற்சாலை அமோனியாத் தாங்கிக்குள் ஒரு தொழிலாளி விழுந்தார். காப்பாற்றப் போனவர்களும் சேர்த்து 5 பேர் இறந்தார்கள். நச்சு வாயுவுக்கு முன்னால் நல்ல மனம் மட்டும் போதாது.

குளோரின் வாயு காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம். கசிந்தால் பள்ளத்தில் தங்கும். காற்று வரும் பக்கமாக, மேட்டுக்குத்தான் போக வேண்டும். வெளிற்றும் தூளில் அமிலம் பட்டாலும் அதே வாயுதான். இதை வகுப்பில் புள்ளிக்காகப் படிப்பிக்கிறோம். வேலைத்தளத்தில் இது உயிர்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: வாயுவுக்கு ஏற்ற முகக்கவசம், கையுறை, கண் கழுவப் பக்கத்திலேயே தண்ணீர், தமிழில் எச்சரிக்கைப் பலகை, முறையான பயிற்சி. குளோரின் அறைக்குள் ஒருவரைத் தனியே அனுப்பக்கூடாது. மூக்கில் கட்டிய லேஞ்சி பாதுகாப்பு ஆகாது.

மாரி வெள்ளம் வடிந்ததும் எங்கள் கிணறுகளுக்குக் குளோரின் போட வருகிறவர் வெறுங்கையோடு நின்றால், "கையுறை எங்கே?" என்று அவரிடம் அல்ல, அவரை அனுப்பியவர்களிடம் கேட்போம்.

வுழுவுக்கும் பூசைக்கும் நாங்கள் அள்ளும் தண்ணீர், ஒரு தொழிலாளியின் நெஞ்சை எரித்து வரக்கூடாது.