மல்லாங்கிணற்றுப் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வேண்டும்

எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் குல்லூர்சந்தை, மல்லாங்கிணறு அகதி முகாம்களில் இருக்கும் ஈழத்தமிழர் ஒளிந்து வாழ்பவர்கள் அல்லர்; போருக்குத் தப்பி வந்து அரசிடம் பதிந்தவர்கள். என்னிடம் படித்த முகாம் மாணவியின் பிறப்புச் சான்றிதழில் ஊர் அருப்புக்கோட்டை. விடுமுறையில் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டே படித்தாள். குடியுரிமை மட்டும் இல்லை.

2019 குடியுரிமைச் சட்டத்திருத்தம் இலங்கையைச் சேர்க்கவே இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிந்த இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்களித்தது. வரவேற்கிறேன். ஆனால் தண்டனை இல்லை என்பது உரிமை ஆகிவிடாது. இந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்காவது குடியுரிமை கிடைக்க நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டும். நம் எம்.பி.க்கள் கட்சி பாராமல் இதைக் கேட்க வேண்டும்.