காளானும் கொஞ்சம் தெளிவான பேச்சும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது போதைக் காளானுக்கு ஆள் பிடிக்கும் கட்டுரை இல்லை. அதில் இருக்கும் சைலோசிபின், 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. "சாப்பிடாதே" என்பதுதான் என் கட்சியும். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு பேச்சை முடித்துக்கொண்டால் போதுமா?

கொடைக்கானல் டூர் என்று ஆரம்பித்தாலே, யாராவது ஒருத்தன் கண்ணடித்துவிட்டு "மஷ்ரூம்" என்பான். பேப்பரிலோ "போதைக் காளான் விற்றவர் கைது" என்று நாலு வரி. ஒரு பக்கம் கிளுகிளுப்பு, மறுபக்கம் மிரட்டல். உயிரைக் காப்பாற்றுகிற தகவல் இரண்டிலும் கிடையாது.

எங்கள் பி.காம். பாஷையில் சொன்னால் இது தகவல் இல்லாத சந்தை. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடும் என்று ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து எழுதினார். இங்கே நிலைமை இன்னும் மோசம். பிளாஸ்டிக் கவரில் இருப்பது என்ன காளான் என்று விற்பவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஆபத்து அங்கேதான். சைலோசிபினே நேரடியாக உயிரைக் குடிப்பது அபூர்வம். ஆனால் பார்க்க அதே மாதிரி சின்னதாக, பழுப்பாக இருக்கும் சில காளான்களில் அமாடாக்சின் என்ற விஷம் உண்டு. வேகவைத்தாலும் போகாது. சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது கழித்துத்தான் வாந்தி, பேதி ஆரம்பிக்கும். பிறகு ஒரு நாள் குணமான மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக் காளானைச் சமைத்துச் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள். அவர்கள் போதைக்காகச் சாப்பிடவில்லை, சாப்பாடாகச் சாப்பிட்டார்கள். புழு அரித்தால் நல்ல காளான், வெள்ளிக்காசு கறுத்தால் விஷக்காளான் என்பதெல்லாம் சும்மா கதை.

சரியான காளானே ஆனாலும், நாலு முதல் ஆறு மணி நேரம் நிதானம் இருக்காது. பாறை விளிம்பிலும் பைக்கிலும் அது போதும் ஆளைக் கொல்ல. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களுக்கும், லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

இதையெல்லாம் சொன்னால் பசங்க கெட்டுப்போவார்கள் என்பார்கள். 2014 கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் கொக்கைன் என்று சொல்லி வெள்ளை ஹெராயினை விற்றார்கள். பிரிட்டிஷ் சுற்றுலாப் பயணிகள் செத்தார்கள். நகர நிர்வாகம் தெருவில் பெரிய மின்பலகை வைத்து, இப்படி ஒன்று விற்கிறார்கள், உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், உபயோகித்ததற்காகக் கைது செய்யமாட்டோம் என்று எழுதியது. அது போதையை ஆதரித்ததாக ஆகுமா? விற்றவனைத் தேடுவது ஒரு வேலை, வாங்கியவனைப் பிழைக்க வைப்பது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

நம் ஊரில் போலீஸ் வருமோ, அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் டாக்டரிடமே "பிரியாணி ஒத்துக்கல" என்று பொய் சொல்ல வைக்கிறோம். அந்தப் பொய்யில் போகும் ஒவ்வொரு மணி நேரமும் கல்லீரலின் கணக்கில்தான் பற்று எழுதப்படும்.

ஆகவே மக்களே, சாப்பிடாதீர்கள். யாராவது சாப்பிட்டுத் தொலைத்தால் தனியாக விடாதீர்கள், வண்டி சாவியை வாங்கி வையுங்கள். வாந்தி, பேதி எப்போது வந்தாலும் 108க்கு அடியுங்கள். மிச்சக் காளானையும் கையோடு எடுத்துப் போய், டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உபதேசத்தை அவன் பிழைத்து வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.