புதிய மடிக்கணினி: வாங்கத்தான் வேண்டுமா?

2025 அக்டோபர் 14-ஆம் நாள், விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு வழங்கிவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அதையொட்டி எங்கள் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சாக இருந்தது. "இனிப் பழைய கணினி வேலையே செய்யாதாம்" என்றார் ஒருவர். மறுவாரமே புதியதைத் தவணைக்கு எடுத்து வந்துவிட்டார் இன்னொருவர். பெற்றோர்களும் விடவில்லை. பிள்ளைக்கு வாங்கலாமா, எந்த வகை நல்லது, எவ்வளவு ஆகும் என்று கேட்டவண்ணம் இருக்கின்றனர். கணினி வல்லுநர் அல்லேன். ஆயினும் சொந்தச் சம்பளத்தில் கணினி வாங்கிப் பாடம் நடத்துகின்றவள் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன்.

ஆதரவு நின்றுவிட்டது என்பதற்குக் கணினி நின்றுவிட்டது என்று பொருளில்லை. பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் வாரா, அவ்வளவுதான். அதுவும் சிறிய செய்தியன்று. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியாயின் கவனம் வேண்டும். தனிப்பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு ஒன்றையும் அந்நிறுவனமே அறிவித்தது. விண்டோஸ் 11-க்கு மாற விரும்பினால் ஒரு தடை உண்டு. ஏறத்தாழ 2018-க்கு முன் வந்த பெரும்பாலான கணினிகளின் செயலியை அது ஏற்பதில்லை. உங்கள் கணினி எந்த ஆண்டினது என்று முதலில் பாருங்கள். ஏற்கும் வகையாக இருந்தால் மாறுவதற்குக் கட்டணமே இல்லை! இதைப் பாராமலே கடைக்குப் போனவர்களை நானறிவேன்.

அடுத்தது வேகம். "கணினி மெதுவாகிவிட்டது, மாற்ற வேண்டும்" என்பதே நாம் அடிக்கடி சொல்லும் காரணம். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் சுழலும் வன்தட்டு இருக்கும். மெதுவாவதற்கு அதுவே முதற்காரணம். என்னிடமிருந்த 2016-ஆம் ஆண்டுக் கணினியைத் திறந்தால், வகுப்பு வருகைப் பதிவை எடுத்து முடிக்கும்வரை அது விழிக்காது. 2021-இல் அந்த வன்தட்டைக் கழற்றி எஸ்.எஸ்.டி. பொருத்தினேன், ரேம் 4 ஜிபியிலிருந்து 8 ஜிபி ஆனது. கூலியையும் சேர்த்து 230 வெள்ளி. அதன்பின் அரை நிமிடத்திற்குள் திறந்துகொண்டது. 3,000 வெள்ளிக் கணினி ஆறாண்டு உழைத்தாலும் ஆண்டுக்கு 500 வெள்ளி. அந்த 230 வெள்ளியோ எனக்கு நான்காண்டு தந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே இன்று அதே வேலைக்கு அதே விலையை எதிர்பார்க்க வேண்டாம். கடையில் கேட்டுப் பாருங்கள்.

வருமான வரிக் கழிவு இருக்கிறதே என்பார்கள். இதில்தான் எத்தனை மயக்கம்! வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளி என்றால் 2,500 வெள்ளி கைக்குத் திரும்பி வரும் என்று படித்தவர்களே நம்புகின்றனர். வரி கணக்கிடப்படும் வருமானத்திலிருந்துதான் அத்தொகை கழிகிறது. 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு மிச்சமாவது அதிகம் போனால் 275 வெள்ளி. 6 விழுக்காட்டுப் படியில் 150 வெள்ளி. மேலும் அந்த 2,500-க்குள்தான் நூல்களும் கைப்பேசியும் இணையக் கட்டணமும் அடங்குகின்றன. மாதம் 100 வெள்ளி இணையக் கட்டணம் செலுத்தும் வீட்டில் ஏறக்குறைய பாதி முன்பே தீர்ந்திருக்கும். வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாத பெற்றோருக்கோ ஒரு காசும் இல்லை.

அத்தகைய தந்தை ஒருவர் என்னிடம் வந்தார். தொழிற்சாலை ஊழியர். மகள் நான்காம் ஆண்டு. கடையில் 2,999 வெள்ளிக்கு ஒரு மடிக்கணினியைக் காட்டி, மாதம் 115 வெள்ளி, 36 மாதம் என்று சொல்லியிருக்கின்றனர். பெருக்கிப் பார்த்தால் 4,140 வெள்ளி. கூடுதலாக மட்டும் 1,141 வெள்ளி! 2025-இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அக்கணக்கில் இரண்டரை மாத உழைப்பு ஒரு பெட்டிக்குள் போய்விடுகிறது. "படிப்புக்குத்தானே டீச்சர், கடன் பட்டாலும் பரவாயில்ல" என்றார்.

"ஐயா, இந்த ஆண்டு பள்ளி கொடுத்த வேலைகளில் எதை உங்கள் மகளால் கணினி இல்லாததால் செய்ய முடியாமல் போனது?" என்று கேட்டேன். யோசித்தார். ஒன்றுமில்லை. "அவகூட படிக்கிற பிள்ளைங்க வீட்டுல இருக்கு டீச்சர்" என்றார். அவர் வாங்கவில்லை; ஆனால் மனநிறைவோடும் போகவில்லை. கடைக்காரர் விற்பது கணினியை மட்டுமன்று. நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சத்தையும் சேர்த்தே விற்கிறார். தமிழ்ப்பள்ளிப் பெற்றோரிடம் அவ்வச்சம் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு. அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, வேலைக்குப் போன அப்பா திரும்பிய பிறகே அவர் கைப்பேசியில் பாடம் பார்த்த பிள்ளைகளை நாம் கண்டோமே. ஆனால் அந்நிலை வேறு. இன்று வகுப்பறை திறந்திருக்கிறது. நான்காம் ஆண்டு மாணவிக்குத் தேவை கையெழுத்துப் பயிற்சி, வாய்விட்டு வாசித்தல், நல்ல கதை நூல்கள். மாதம் 115 வெள்ளியில் எத்தனை நூல்கள் வாங்கலாம்!

எப்போதுமே வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. இடைநிலைப்பள்ளியில் கணினி அறிவியலை எடுத்த பிள்ளைக்கு வாங்கத்தான் வேண்டும். திரைக்கீல் உடைந்து, மின்கலம் உப்பிப்போன கணினிக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டிருப்பதும் வீண். உப்பிய மின்கலம் தீப்பிடிக்கவும் கூடும். கையில் பணம் சேர்த்து, ரொக்கமாக வாங்குங்கள். அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்து, செப்பனிட்டு விற்கப்படும் கணினிகளில் உத்தரவாதம் தருபவையும் உண்டு. விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்று கேட்டு வாங்கினால் ஓர் ஆசிரியருக்கு அது தாராளம். நாள் பாடத்திட்டம், பயிற்சித்தாள், படவில்லைகள், இணையம் ஆகியவற்றைத் தாண்டி நாம் என்ன செய்கிறோம்? புதியதாயின், ரேமைப் பின்னர் கூட்ட முடியுமா என்றும் கேளுங்கள். மெல்லிய வகைகள் பலவற்றில் அது பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அளவே கடைசி அளவு.

தமிழாசிரியர்களுக்கு இன்னொரு செலவும் உண்டு. அது விலைப்பட்டியலில் இராது. யூனிகோடு பரவுமுன் பழைய எழுத்துருக்களில் தட்டிய பயிற்சித்தாள்கள் நம் கணினிகளில் ஏராளம். அந்த எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவை புரியாத குறியீடுகளாகவே தெரியும். பழையதை எவருக்கேனும் கொடுக்குமுன், அக்கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வெளிவன்தட்டு ஒன்றில் படியெடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு பள்ளி விடுமுறை முழுவதும் அதற்கே சரியாகிவிட்டது. இன்னும் இரண்டு கோப்புறைகள் மிச்சம்.