சிரிப்பு என்ன விலை?



"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இன்றைக்கு இருந்தால் "கல்யாணத்துக்கு போட்டோ எடுத்துப்பார்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள்!

இதைச் சொல்ல உனக்கென்னப்பா தகுதி என்று கேட்பீர்கள். இருக்கிறது. எலெக்ட்ரிகல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நான், சனி, ஞாயிறு, முகூர்த்த நாட்களில் எங்கள் ஊர் போட்டோகிராபர் அண்ணன் ஒருவரிடம் லைட் பிடிக்கிறேன். அப்பா சேலத்துப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் வீட்டில் படிப்புக்காகக் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பரீட்சை பீஸ், ரெக்கார்டு நோட்டு, டிராயிங் ஷீட் எல்லாம் அந்த லைட் வெளிச்சத்தில் வந்தவை. ஆகவே இது வெளியில் நின்று கல் எறிகிறவன் கட்டுரை அல்ல.

முதலில் கொஞ்சம் பழங்கதை. என் அப்பா அம்மா கல்யாணம் 2001-இல். பிலிம் காலம். ஒரு ரோலுக்கு 36 படம். தாத்தா இரண்டு ரோலுக்குத்தான் காசு கொடுத்தாராம். 72 படத்துக்குள் கல்யாணமே முடிந்தாக வேண்டும். கழுவிப் பார்க்கும்வரை யார் கண்ணை மூடினார் என்று தெரியாது. வீடியோவுக்கு 1000 வாட் ஹாலஜன் லைட். அப்படி இரண்டை ஒரே 5 ஆம்பியர் பிளக்கில் சொருகி, தாலி கட்டுகிற நேரத்தில் பியூஸ் போனதை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பார். (இரண்டாயிரத்தை 230-ஆல் வகுத்துப் பாருங்கள், ஏன் போனது என்று தெரியும்!)

முதல் டிஜிட்டல் கேமராவை 1975-இல் கோடக் கம்பெனி இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் செய்தார். ஒரு படம் பதிவாக 23 வினாடி ஆனது. பிலிம் விற்றுக்கொண்டிருந்த கோடக், டிஜிட்டலுக்கு முழுமனதாய் மாறவில்லை. 2012-இல் திவால் மனு கொடுத்தது. இன்று ஒரு 'க்ளிக்'குக்குத் தனியாகச் செலவு கிடையாது. ஒரே கல்யாணத்தில் நாங்கள் மூவாயிரம் படம் எடுக்கிறோம். அப்படியானால் போட்டோ செலவு குறைந்திருக்க வேண்டும்தானே? குறையவில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு 'அவுட்டோர் ஷூட்' வந்துவிட்டது!

எங்கள் பக்கத்துக்கு ஏற்காடு. விடியற்காலை நாலு மணிக்கு வண்டி ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஏரிக்கரை, பகோடா பாயிண்ட், காபித் தோட்டம். மூன்று டிரஸ். பெண் காருக்குள்ளேயே உடை மாற்றுவார், துணைக்கு வந்த சித்தி கதவுக்கு வெளியே காவல். "ஓடி வாங்க… திரும்பிப் பாருங்க… சிரிங்க… இன்னொரு தடவை." வசதி இருந்தால் வார இறுதி முழுக்கக் கொடைக்கானலோ புதுச்சேரியோ. ரூம் வாடகை, டீசல், எங்கள் ஐந்து பேர் சாப்பாடு எல்லாம் அவர்கள் கணக்கு. சிலர் ரயில் தண்டவாளத்தில் நின்று எடுக்கச் சொல்கிறார்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நடப்பது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். உயிருக்கும் ஆபத்து. எங்கள் அண்ணன் அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார்.

எல்லாமே வீண் ஜம்பம் என்று நான் சொல்லவில்லை. ஒரு பெண் ஏரிக்கரையில் என்னிடம் சொன்னார்: "மலைக்குக் கீழேயே பொறந்து வளந்தேன் தம்பி. இன்னிக்குத்தான் ஏற்காட்டைப் பாக்கறேன். அவங்ககூட ரெண்டு வார்த்தை பேசறதும் இன்னிக்குத்தான்." அன்று அவரைச் சிரிக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

போட்டோகிராபரும் கொள்ளைக்காரர் இல்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் மாதத் தவணை. ஆடி, மார்கழியில் வேலையே கிடையாது. கல்யாணம் முடிந்தபின் இரண்டு மாதம் ராத்திரி கண் விழித்து எடிட்டிங். பாக்கிப் பணம் கேட்டால், மேடையில் "அண்ணா, அண்ணா" என்றவர் போனையே எடுப்பதில்லை.

பிறகு என்னதான் உன் குறை என்கிறீர்களா? என் வீட்டுக்கு வருகிறேன்.

அக்காவுக்கு இந்த வருடம் நிச்சயமானது. மாப்பிள்ளை நல்லவர். ஆனால் அவருடைய பெரியம்மா, "எங்க வீட்ல எல்லாருக்கும் அவுட்டோர் எடுத்திருக்குதுங்க, பொண்ணு வீட்ல பாத்துக்குங்க" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார். அன்று ராத்திரி ஷிப்ட் போகுமுன் அப்பா என்னைக் கேட்டார்.

"ஏன் தம்பி, எவ்வளவு ஆகும்? உனக்குத்தான் தெரியுமே."

"நாப்பதாயிரம் ஆகுமுங்கப்பா. நம்மளுக்கு வேண்டாமுங்க."

"மொதலாளிகிட்ட மேல முன்பணம் கேட்டுப் பாக்கறேன். லைஃப்ல ஒரு தடவைதானே?"

நண்பர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வசனம்! அண்ணன் சொல்லிக்கொடுத்து, எத்தனையோ அப்பாக்களிடம் போனில் நான் இனிக்க இனிக்கச் சொன்னது: "லைஃப்ல ஒரு தடவைதானேங்கய்யா." எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு "சரிங்க" என்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்பது அன்றுதான் புரிந்தது.

தறிக்காரர்களுக்கு முன்பணம் என்றால் என்னவென்று தெரியும். அது தீரும்வரை வேறு தறிக்குப் போக முடியாது. வாரம் 500 ரூபாய் பிடித்தால் நாற்பதாயிரத்துக்கு 80 வாரம். நம் கணக்கில் மூன்று செமஸ்டர்! ஒரு பகல் சிரிப்புக்கு மூன்று செமஸ்டர் கடன்.

விஷயம் அக்கா காதுக்குப் போனது. அவரே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, "எங்கப்பா கடன்ல எனக்கு போட்டோ வேண்டாங்க" என்றார். அவரும் ஒத்துக்கொண்டார். பெரியம்மாவுக்கு மனக்குறைதான், மண்டபத்தில் ஒரு பேச்சு வரும் என்று அம்மா இப்போதே பயப்படுகிறார். வந்தால் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணத்துக்கு அண்ணன்தான் கேமரா. இந்தத் தடவை லைட்டை வேறு பையன் பிடிப்பான்!

என் கருத்து இதுதான். ஆசைப்படுங்கள், தப்பில்லை. ஆனால் அந்த ஆசைக்கு யார் காசு கொடுக்கிறார் என்று ஒரு நிமிடம் பாருங்கள். நாளைக்கு நமக்கும் கல்யாணம் வரும். மாப்பிள்ளையாகப் போகிற நண்பர்களே, ஷூட் வேண்டுமானால் உங்கள் சம்பளத்தில் எடுங்கள். பெண் வீட்டுத் தலையில் கட்டாதீர்கள். அவருடைய அப்பாவும் ஏதோ ஒரு தறியில் நிற்பவராக இருக்கலாம். எத்தனை படம், ஆல்பம் எப்போது, பாக்கி எப்போது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் வருத்தம் இருக்காது.

அம்மா கல்யாண ஆல்பத்தில் ஒரு படம். பந்திக்குப் பின்னால் பாட்டி தனியாக உட்கார்ந்து வெற்றிலை மடிக்கிறார். 72-இல் ஒன்றை அந்த போட்டோகிராபர் பாட்டிக்காகச் செலவழித்திருக்கிறார். பாட்டிக்கு என்று எங்கள் வீட்டில் இருப்பது அந்த ஒரு படம்தான். மூவாயிரத்தில் பத்தை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒதுக்குங்கள், காகிதத்தில் பிரிண்ட் போட்டு வையுங்கள்.

என்னைப்போல் லைட் பிடிக்கிற, ஆர்டர் பிடிக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். விலையைச் சொல்லுங்கள், வேலையைச் சொல்லுங்கள். "லைஃப்ல ஒரு தடவைதானே" என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் நிறுத்திவிட்டேன். ஆர்டர் இரண்டு குறைந்தது. அண்ணன் முகம் சுளித்தார். ஆனால் வேலையை விட்டு அனுப்பவில்லை.

சிந்திப்போம், நண்பர்களே!