மேயரான நீதிபதி!

ஸ்பெயினில் மேயரை 'அல்கால்தே' என்கிறார்கள். மூலம், அரபுச் சொல்லான 'அல்-காதி'. நம்மூரில் காஜி என்கிறோமே, அதே நீதிபதிதான்!

711-ல் அங்கே நுழைந்த முஸ்லிம் ஆட்சி, 1492-ல் கிரனாடாவோடு முடிந்தது. சொல் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. கிறிஸ்தவ மன்னர்களும் ஊர் நீதிபதிகளை அப்படியே அழைத்தார்கள்.

அந்தப் பதவியின் பவர் தெரிய, 17-ம் நூற்றாண்டில் கால்தெரோன் எழுதிய 'சலமேயாவின் அல்கால்தே' நாடகம் போதும். மகளைச் சீரழித்த ராணுவ கேப்டனை, அல்கால்தேயாகிவிட்ட விவசாயி அப்பாவே விசாரித்து, மரண தண்டனையும் நிறைவேற்றிவிடுவார். மகளின் வழக்கில் அப்பாவே நீதிபதி என்பது இன்று கேட்டால் திக்கென்றுதான் இருக்கிறது.

இன்றைய அல்கால்தே நகராட்சியை மட்டும்தான் பார்க்கிறார். ஜெர்மனியிலோ அதே சொல்லுக்கு இன்னும் கோர்ட் வாசனை போகவில்லை. 'காடியிடம் போகிறேன்' என்று பேச்சுவழக்கில் ஒருவர் சொன்னால், கேஸ் போடப் போகிறார் என்று அர்த்தம்!