பிரிக்கத் தெரிந்து ஒட்டுவோம்

ஓவியம் தீட்டியவரைப் போற்றுகிறோம். அதன் முதுகில் தாள் ஒட்டித் தாங்க வைத்தவரை யார் நினைக்கிறார்கள்? சீன நாட்டில் அவரும் கலைஞரே. அங்கு ஓவியமும் எழுத்தோவியமும் மெல்லிய தாளில் தீட்டப்படுகின்றன. மையின் ஈரம் பட்டுத் தாள் சுருங்கும். ஒட்டுக்கலைஞர் அதை நனைத்துச் சீராக்கி, கோதுமைப் பசையால் பின்னால் வேறு தாள் ஒட்டி, பட்டுக் கரையிட்டுச் சுருளாக்குகிறார். அந்தப் பசை நீரில் இளகும். தலைமுறைகள் கடந்து பின்தாள் பழுதானால், நனைத்து உரித்துப் புதுத்தாள் ஒட்டலாம். ஓவியம் பிழைத்துக்கொள்ளும்.

நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான அருஞ்செயல் ஒன்று நடந்திருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில், நாயக்கர் கால ஓவியங்களின் அடியில் சோழர் ஓவியங்கள் மறைந்திருப்பதை 1931இல் எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். சென்னை அருங்காட்சியக வேதியியலர் எஸ். பரமசிவன் அவற்றின் சாந்தையும் வண்ணங்களையும் ஆய்ந்தார். பின்னாளில் தொல்லியல் துறை வேதியியலர்கள் நாயக்கர் ஓவியங்களைச் சிதைக்காமல் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகைகளில் பதித்தனர். இரு காலத்து ஓவியங்களும் நமக்குக் கிடைத்தன. வேதியியல் படித்து என்ன பயன் என்று கேட்போருக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

ஆனால் நம் வீடுகளில் நடப்பதென்ன? குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குச் சான்றிதழ் வந்ததும், நெய்யூரிலோ திங்கள்நகரிலோ உள்ள கடைக்கு ஓடி ‘லேமினேஷன்’ செய்கிறோம். பாட்டனாரின் ஒரே புகைப்படத்துக்கும் அதே கதிதான். சூட்டில் உருகும் பிளாஸ்டிக் பசை தாளின் இழைகளுக்குள் புகுந்துவிடுகிறது. பிறகு அதை உரித்தால் தாளும் எழுத்தும் சேர்ந்தே வரும். வளைகுடா நாட்டு வேலைக்காகச் சான்றிதழின் பின்புறம் முத்திரையிட வேண்டுமென்றால், மை பிடிக்க இடமேது? பாதுகாக்க எண்ணிச் செய்ததே சிறையாகிவிடுகிறது.

சீனக் கலைஞரின் பாடம் எளியது: நாளை ஒருவர் பழுதுபார்க்க வழி வைத்துவிட்டு இன்று ஒட்ட வேண்டும். சான்றிதழை ஒட்டாத உறையில் செருகி, ஈரமும் வெயிலும் படாமல் வைத்தாலே போதும். நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் பசைகளையும் பழந்தாள்களையும் பற்றி ஆண்டுக்கு இரு வகுப்புகளேனும் நடத்த ஆசிரியப் பெருமக்கள் முன்வர வேண்டும். கற்றதை மாணவ நண்பர்கள் தத்தம் ஊருக்கு எடுத்துச் செல்வோம். எத்தனையோ வீடுகளில் அந்த ஒற்றைத் தாள்தான் பெரும் சொத்து!