முன்பணம் செல்போனில் வந்தாச்சு... முறுக்கு யாருக்கு? தீபாவளி ஆர்டரில் திணறும் சின்னக் கடைகள்

மணப்பாறை:-

தீபாவளி நெருங்கினால் மணப்பாறை முறுக்குக் கடைகளில் அடுப்பு அணையாது. சென்னை, திருப்பூர், கோவை என்று பிழைக்கப் போனவர்கள் போனிலேயே, "அக்கா, 4 கிலோ போட்டு வைங்க, ஊருக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். முன்பெல்லாம் ஊரில் இருக்கும் மச்சானோ மாமனாரோ கடைக்கு வந்து 200 ரூபாயைக் கையில் கொடுத்து சீட்டு வாங்கிப் போவார். இப்போது போனை வைப்பதற்குள் பணம் வந்து விழுகிறது. "500 ரூபாய் பெறப்பட்டது" என்று கல்லாப் பக்கத்தில் சவுண்ட் பாக்ஸ் கத்துகிறது.

யார் போட்டது? அதை அந்தப் பெட்டி சொல்லாது.

2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முறுக்கு. பெயர் பெரிசு. ஆனால் போடுவது பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய சின்னக் கடைகள்தான். புருஷன், பொண்டாட்டி, கூட 2 ஆள். மாவுக் கையோடு போனை எடுத்துப் பார்க்க முடியுமா? ஆர்டர் கொடுத்தது அக்கா, பணம் போட்டது அவர் மகன். போனில் காட்டுவது மகன் பெயர், அதுவும் பாதி இனிஷியல். ஒரே நாளில் நாலு பேர் 500 போட்டால் எது எவருடையது என்று தேட ராத்திரி 11 மணி ஆகிறது. கடைசி நாளில் பையோடு வந்து நிற்பவர், "நான்தான் அன்னைக்கே போட்டேனே" என்கிறார். ஒன்று சரக்கு நஷ்டம், இல்லையென்றால் பல வருஷ வாடிக்கை நஷ்டம்.

2016 ஏப்ரலில் யு.பி.ஐ. வந்தது. அந்த வருஷம் நவம்பர் 8-ந் தேதி பழைய 500, 1000 நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகு தள்ளுவண்டி வரை பரவியது. கமிஷன் பிடிக்காததால் சின்னக் கடைக்காரர்களுக்கும் பிடித்துப் போனது. (சவுண்ட் பாக்சுக்கு மாத வாடகை பிடிக்கிறார்களே, அது தனிக்கதை.) பணம் வாங்குவது சுலபமாகிவிட்டது. கணக்கு வைப்பது மட்டும் பழைய நோட்டிலேயே நிற்கிறது.

இதற்கு வழி செல்போனிலேயே இருக்கிறது. ஒவ்வொரு யு.பி.ஐ. பணத்துக்கும் 12 இலக்க நம்பர் ஒன்று உண்டு. போட்டவர் போனிலும் வாங்கியவர் போனிலும் அதே நம்பர்தான். ஆர்டர் நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் அதன் கடைசி 4 எண்ணை எழுதி வைத்தால் போதும், பாதி சண்டை தீர்ந்தது. இன்னும் நல்லது, சீட்டு நம்பரை முதலில் சொல்லிவிட்டு, "பணம் போடும்போது மெசேஜ் இடத்தில் இந்த நம்பரை அடிங்க" என்று கேட்பது.

தவணை முழுங்கும் முன்பணம்

இதைவிட பெரிய ஆபத்து ஒன்று சத்தமில்லாமல் நடக்கிறது. கையில் வாங்கிய முன்பணம் தகர டப்பாவில் இருக்கும், எடுக்கும்போது மனசு உறுத்தும். செல்போனில் வரும் பணமோ, வண்டித் தவணையும் குழுக் கடனும் பிடிக்கிற அதே வங்கிக் கணக்கில் போய் விழுகிறது. 5-ந் தேதி ஆனால் வங்கி தானாகவே தவணையை எடுத்துக் கொள்ளும். அது வாடிக்கையாளர் பணம் என்று வங்கிக்குத் தெரியுமா என்ன? எண்ணெய் டின்னும் பச்சரிசியும் வாங்கப் போகும்போதுதான் கணக்கு காலி என்று தெரிகிறது. பிறகு என்ன, கந்து வட்டிதான். சரக்கைக் கொடுக்கும் வரை முன்பணம் கடன்தான், வருமானம் இல்லை. ஆர்டருக்கென்று தனி வங்கிக் கணக்கு வைக்க பெரிய படிப்பு தேவையில்லை.

தனிக் கணக்குக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 ஜூலையில் கர்நாடகாவில் யு.பி.ஐ. வரவை வைத்து சின்ன வியாபாரிகளுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூருவில் பல கடைகளில் 'ரொக்கம் மட்டும்' என்று போர்டு தொங்கியது. அந்த பயம் இங்கேயும் எட்டிப் பார்த்தது. பொருள் மட்டும் விற்கும் கடைக்கு வருஷ விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு என்பது பொதுவான விதி. ஆனால் சீட்டுப் பணம், மாமனார் அனுப்பிய பணம் எல்லாம் வியாபாரக் கணக்கிலேயே கலந்து கிடந்தால், எது விற்பனை என்று யாரிடம் போய் நிரூபிப்பது?

'தெரியாம போட்டுட்டேன் அண்ணே'

மோசடிக்காரர்களுக்கும் பண்டிகை சீசன்தான். பணம் போட்டது போலவே காட்டும் போலி ஆப்கள் உண்டு. ஸ்கிரீன் ஷாட்டை நம்பி பொட்டலம் கட்டக் கூடாது, நம் போனில் வரவு வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்னொரு கும்பல், "500-க்கு பதில் 5 ஆயிரம் போட்டுட்டேன், மீதியை இந்த நம்பருக்கு அனுப்புங்க" என்று கெஞ்சும். சில நேரம் பணமே வந்திருக்காது. வந்திருந்தால் அது வேறு யாரிடமோ திருடியதாகவும் இருக்கலாம். அவர் சைபர் கிரைமில் புகார் கொடுத்தால் கடைக்காரர் கணக்கு முடங்கும், அதுவும் பண்டிகை நேரத்தில். திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் பணம் வந்த அதே கணக்குக்குத்தான் போக வேண்டும். நமக்கு பணம் வருவதற்கு ரகசிய எண் எப்போதும் தேவையில்லை, கேட்டால் போனை வைத்துவிட வேண்டியதுதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் போட வேண்டும்.

வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அவர் கணக்கில் பணம் போயும் கடைக்கு வராமல் நிற்பதுண்டு. ரிசர்வ் வங்கியின் 2019-ம் ஆண்டு உத்தரவுப்படி, கடைக்குப் போட்ட பணம் இப்படி சிக்கினால் 5 நாளில் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. அதுவரை கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்காமல், அந்த 12 இலக்க நம்பரோடு வங்கியில் புகார் செய்யலாம்.